பொன்முடியிலிருந்து வந்த மழைக் கார்டுகள்

1

மூன்று வாரமாக லதிகா ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். லதிகா எங்கள் துறையின் அலுவலக உதவியாளர். வருகிற தபாலுக்கெல்லாம் எண் போட்டு, முத்திரை குத்தி, கோப்பில் வைக்கிற பொறுப்பு அவருடையது. "சாறே, பொன்முடி கார்டு வந்நில்லல்லோ" என்கிறார். பொன்முடியிலிருந்து கார்டு வரவில்லையே என்று அர்த்தம். முதல் வாரம் தபால் தாமதமாக இருக்கும் என்றேன். அடுத்த வாரம், மழையில் சாலை அடைத்திருக்கும் என்றேன். இந்த வாரம் எதையோ தேடுகிற மாதிரி மேஜை இழுப்பறையைத் திறந்தேன். இனி வராது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார்.

என் மேஜையில் ஒரு மழைமானி இருக்கிறது. மேலே புனல், உள்ளே தண்ணீர் சேரும் குப்பி, கூடவே கோடு போட்ட கண்ணாடிக் குவளை. அதை ஸ்டோரில் ஒப்படைக்க வேண்டும். இன்னும் ஒப்படைக்கவில்லை. அதன் பக்கத்தில் ஒரு தட்டில் போன வாரத்து லட்டு காய்ந்துகொண்டிருக்கிறது. எங்கள் பல்கலைக்கழகத்தை எடைபோட வந்த மதிப்பீட்டுக் குழு நல்ல தரம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. ஒவ்வொரு துறைக்கும் லட்டு வந்தது. எங்கள் அறிக்கையின் சமூகத் தொடர்புப் பக்கத்தில் இருந்த ஒரு வரியைக் குழுத் தலைவர் கூட்டத்திலேயே எடுத்துப் பாராட்டினாராம். அந்த வரியை எழுதியவன் நான். அதை நீக்கச் சொல்லிக் கடிதம் கொடுத்தவனும் நான். கடிதத்துக்கு லதிகா ஓர் இன்வர்ட் நம்பர் போட்டார். அதோடு சரி.

இந்த ஊருக்கு வந்து இந்த மாதத்தோடு இருபத்திரண்டு வருடம் ஆகிறது. ஒவ்வொரு வருடமும் இந்த மாதம் இந்தப் பத்திரிகைக்கு ஒரு குறிப்பு எழுதுவது வழக்கமாகிவிட்டது. நாகர்கோவிலைத் தாண்டினால் வெளிநாடா, மூன்று மணி நேர ரயிலுக்குப் புலம்பெயர்வு என்று பெயரா என்று சேரன்மகாதேவி வாசகர் ஒருவர் வருடம் தவறாமல் கேலி செய்து எழுதுவார். அவருக்குப் பதில் சொல்லி நானும் வருடம் தவறாமல் புலம்புவேன். பாஸ்போர்ட் வேண்டாம்தான். ஆனால் ரேஷன் கார்டு, கரண்ட் பில், வீட்டு வரி ரசீது, மகளின் மதிப்பெண் அட்டை எல்லாம் மலையாள எழுத்தில் வரும். வேலை முடிந்து வலியசாலைப் பக்கம் நடந்தால் காதில் கொஞ்சம் தமிழ் விழும். அதுவும் பேச்சுத்தான். வாசிக்கிறவர்கள் அரிது. போன வருடக் குறிப்பின் கடைசி வரி எனக்கே நினைவிருக்கிறது. இந்த நகரத்தில் ஒருவன் தமிழில் எழுதினால் வாசிக்க ஆளில்லை என்று எழுதியிருந்தேன். பலர் நெகிழ்ந்துபோய்க் கடிதம் போட்டீர்கள். இந்தத் தடவை எழுதுவது அந்த வரியைத் திரும்பப் பெறுவதற்காக.

2

வெளியே இருப்பவர்களுக்குப் பல்கலைக்கழக வேலை என்றால் வகுப்பெடுப்பதுதான். எங்களுக்கு அது மூன்று கட்டம். வருடாவருடம் நிரப்ப வேண்டிய சுயமதிப்பீட்டுப் படிவத்தில் கற்பித்தல் ஒரு கட்டம், ஆய்வு ஒரு கட்டம், சமூகத் தொடர்பு ஒரு கட்டம். மூன்றிலும் புள்ளிகள் சேர்ந்தால்தான் பதவி நகரும்.

நான் புவியியல் ஆசிரியன். முதல் கட்டம் எனக்குச் சுலபம். எம்.எஸ்ஸி. மாணவர்களுக்கு மலைச்சரிவுகளைப் பற்றி ஆங்கிலத்தில் ஆரம்பித்து, மலையாளத்தில் விளக்கி, கோபம் வந்தால் தமிழில் முடிப்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள், பாடமும் புரிந்துவிடும். இரண்டாவது கட்டத்துக்குக் கட்டுரைகள் உண்டு. மூன்றாவதுதான் தலைவலி. அதற்காக நாங்கள் போகாத இடமில்லை. விழிஞ்ஞத்தில் கரை அரிப்பு பற்றி மீனவர்களோடு கூட்டம், பள்ளிக்கூடங்களில் பேச்சு, வானொலியில் பத்து நிமிடம், கிணற்றுத் தண்ணீர் சோதனை முகாம். இதெல்லாம் வீண் என்று சொல்லமாட்டேன். தண்ணீர் சோதனையால் ஒரு தெருவே கிணற்றை மாற்றிக்கொண்டதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் முகாம் முடிந்ததும் எல்லோரையும் நிற்கவைத்து போட்டோ எடுப்போம். போட்டோ வந்துவிட்டால் படிவத்துக்கு அது போதும். பிறகு அந்த ஊர்ப்பக்கம் போகிறவர்கள் குறைவு. நான் அந்தக் குறைவானவர்களில் ஒருவன் என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேலை நேரத்தில் வேறு மொழியில் வாழ்கிறவனுக்குச் சொந்த மொழி மெல்ல நழுவும். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அண்ணியிடம் "கொஞ்சம் வெள்ளம் தாங்க" என்று கேட்டுவிட்டேன். அண்ணி சிரித்துவிட்டுச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். என் மகள் தேன்மொழி சிரிக்கவில்லை. அவளுக்கு அதில் தவறே தெரியவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். வீட்டில் தமிழ் பேசுவாள், பாதியில் மலையாளத்துக்குத் தாவுவாள். தமிழ் எழுத்து தெரியாது. விடுமுறைகளில் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுக்கலாம் என்று ஒவ்வொரு வருடமும் நினைப்பேன். அந்த நேரத்தில்தான் படிவம் நிரப்ப வேண்டி வரும்.

3

பதினோரு வருடங்களுக்கு முன்னால் எங்கள் துறைக்கு ஓர் ஆய்வுத் திட்டம் கிடைத்தது. பொன்முடி மலைச்சரிவில் எங்கெங்கே எவ்வளவு மழை பெய்கிறது என்று பார்க்க வேண்டும். கருவி வைக்கலாம், ஆனால் மக்களே அளந்தால் ஆய்வும் ஆகும், சமூகத் தொடர்பும் ஆகும். இரண்டு கட்டத்தில் புள்ளி. யோசனை என்னுடையதுதான்.

பத்து இடங்களில் பத்து மழைமானி வைத்தோம். அளக்கப் பத்துப் பேர். அதில் ஒருவர் பாக்கியம். தேயிலைத் தோட்டத்து மேல் லயத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில், குடியிருந்த கொழுந்து பறிக்கும் தொழிலாளி. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். குடும்பம் இரண்டு தலைமுறைக்கு முன் அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து மலையேறியது. எட்டாம் வகுப்பு வரை தமிழ்ப் பள்ளியில் படித்தவர். கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும்.

தோட்டத்து ஷெட்டில் பயிற்சிக் கூட்டம் நடந்தது. மற்ற ஆசிரியர்கள் மலையாளத்தில் பேசினார்கள். நான் எழுந்து தமிழில் பேசினேன். கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்து எனக்கும் உற்சாகம் வந்துவிட்டது. ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். அளக்கிற கண் மாறக் கூடாது, நேரமும் மாறக் கூடாது. காலை எட்டரை மணிக்கு, ஒரே ஆள். குவளையில் தண்ணீரின் மட்டத்தை ஒவ்வொருவரும் ஒரு மாதிரி பார்ப்பார்கள், ஆள் மாறினால் கணக்கு கெட்டுவிடும். இது எங்கள் தொழிலில் அரிச்சுவடி. அதோடு நிறுத்தியிருக்கலாம். கைதட்டல் கேட்ட வாய் நிற்கவில்லை. "நீங்க அளந்து அனுப்புங்க. நாங்க பார்த்துக்கிட்டே இருப்போம். மழை எல்லை மீறினா, கீழே இறங்கச் சொல்லி நாங்களே ஆள் அனுப்புவோம்" என்றேன். அப்படி ஒரு ஏற்பாடு திட்டத்தில் எங்கேயும் இல்லை. சொல்ல நன்றாக இருந்தது, சொன்னேன்.

மேலே போன் சிக்னல் கிடையாது. அதனால் கார்டு அச்சடித்துக் கொடுத்தோம். வாரத்துக்கு ஒரு கார்டு. ஏழு நாளுக்கு ஏழு கட்டம், கீழே குறிப்பு எழுத இரண்டு கோடு, மூலையில் படிவம் மூன்று என்று சின்ன எழுத்து. மலையிலிருந்து இறங்குகிற பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்தால் அவர் விதுரையில் தபாலில் போட்டுவிடுவார்.

திட்டம் மூன்று வருடத்தில் முடிந்தது. ஒன்பது பேரிடம் ஆய்வு மாணவர் ஒருவர் நேரில் போய் நன்றி சொல்லி, மழைமானியைத் திரும்ப வாங்கிவந்தார். மேல் லயத்துக்குப் போக அந்த வாரம் வழியில்லை, சாலையில் மண் சரிந்து கிடந்தது. "அவங்க நம்ம ஊர் ஆள், நானே போய்ச் சொல்லிக்கறேன்" என்றேன். போகவில்லை. அந்த மாதம் தேர்வு, அடுத்த மாதம் மாநாடு, பிறகு மறந்தே போனேன் என்று எழுதினால் பாதி பொய். கார்டு வாராவாரம் வந்துகொண்டிருக்கும்போது எப்படி மறக்கும்.

லதிகா ஒவ்வொரு கார்டுக்கும் எண் போட்டார். மாதக் கடைசியில் நூல் கட்டி என் மேஜையில் வைப்பார். மேல் கார்டில் பார்த்தேன் என்று சுருக்கொப்பம் போட்டுத் திருப்பிக் கொடுப்பேன். சுயமதிப்பீட்டுப் படிவத்தில், மலைவாழ் தொழிலாளர் பங்கேற்புடன் மழை கண்காணிப்பு தொடர்கிறது என்று ஒரு வரி எழுதுவேன். எட்டு வருடம் எழுதினேன். பேராசிரியர் பதவி உயர்வு வந்தபோது நேர்காணலில் அந்த வரியைப் பற்றித்தான் அதிக நேரம் கேட்டார்கள். நன்றாகவே பேசினேன்.

4

மதிப்பீட்டுக் குழு வரப்போகிறது என்றதும் ஆதாரங்களை இணையதளத்தில் ஏற்றச் சொன்னார்கள். வேற்றுமொழி ஆவணம் என்றால் ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் ஒரு வரி சுருக்கம் வேண்டும். கார்டுகளை ஸ்கேன் பண்ணிய லதிகா, கட்டுகளை ஒரு பிக்ஷாப்பர் பையில் போட்டு என்னிடம் கொடுத்தார். "எனிக்கு தமிழ் வாயிக்கான் அறியில்லல்லோ சாறே" என்றார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அந்தக் கட்டடத்தில் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை கட்டுகளை வீட்டுக் கூடத்தில் பிரித்தேன். தேன்மொழி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் சொல்லச் சொல்லச் சுருக்கங்களைக் கணினியில் அடிப்பதாக ஏற்பாடு. ஐந்தாறு கார்டுக்குப் பிறகு ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள்.

"அப்பா, இது பிரிண்ட் இல்ல. கையால வரைஞ்சது."

வாங்கிப் பார்த்தேன். மூன்று வருடத்துக்கு நாங்கள் கொடுத்த கார்டு தீர்ந்திருக்கிறது. அதன்பிறகு தபால் ஆபீஸ் கார்டு வாங்கி, ஸ்கேல் வைத்து ஏழு கட்டம் போட்டிருக்கிறார் பாக்கியம். மூலையில் படிவம் மூன்று என்பதைக்கூட விடாமல் எழுதியிருக்கிறார்.

"கீழ என்ன எழுதியிருக்கு?" என்றாள்.

வாசித்தேன். முதல் வருடங்களில் சாதாரணக் குறிப்புகள்தான். காற்று பலம். குப்பி நிரம்பி வழிந்தது, அளவு சரியாக இராது. கார்டு தீரப் போகிறது, அனுப்பவும். பிறகு, மேல் லயம் நாலாம் வீட்டுச் சுவரில் விரல் நுழையும் அளவு கீறல் உள்ளது. அடுத்த மழைக்காலம், இந்த வாரம் மழை அதிகம், இறங்க வேண்டுமா என்று தெரிவிக்கவும். அதற்கடுத்த வாரம் அதே வரி. அதற்கடுத்த வருடம் ஐப்பசித் துலாமழையில் மறுபடியும், இறங்க வேண்டுமா என்று தெரிவிக்கவும். பிறகு, மூன்று வீட்டு ஆட்கள் இறங்கிப் போய்விட்டார்கள், நான் இருக்கிறேன், அளக்க ஆள் வேண்டும்.

ஒரு கார்டில் இரண்டு கட்டம் காலியாக இருந்தது. பதினோரு வருடத்தில் காலியாக விட்டது அந்த இரண்டு நாள்தான். கீழே, வியாழன் வெள்ளி அளக்கவில்லை, வீட்டுக்காரர் இறந்துவிட்டார், மன்னிக்கவும் என்று இருந்தது. அந்த மாதக் கட்டில் அதுதான் மேல் கார்டு. அந்த வரிக்குப் பக்கத்திலேயே பச்சை மையில் என் சுருக்கொப்பம்.

அந்தக் கார்டைத் தரையில் வைத்தேன். தேன்மொழி கார்டையும் என்னையும் பார்த்தாள்.

"இந்த அம்மா உங்களைத்தானே கேக்கறாங்க?"

"ஆமா."

"நீங்க பதில் எழுதினீங்களா?"

"இல்ல."

"வாசிச்சதே இல்லையா?"

அவள் கணினியை மூடினாள். கோபமாகச் சொன்ன மாதிரிகூட இல்லை. "எனக்குத் தமிழ் வாயிக்க வராதுன்னு எல்லாருகிட்டயும் சொல்லுவீங்க. பத்திரிகையில வரைக்கும் எழுதினீங்க. உங்களுக்கு வருமில்லே அப்பா?" என்றாள்.

அன்று மத்தியானம் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. நானே எல்லாவற்றையும் வாசித்து முடித்தேன். சுருக்கம் எழுதவில்லை.

5

திங்கட்கிழமை தர மேம்பாட்டுப் பிரிவிலிருந்து கூப்பிட்டார்கள். குழு வருகிற நாளில் அந்தத் தொழிலாளிப் பெண்மணியை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்த வேண்டுமாம், நான் போய் அழைத்துவர வேண்டுமாம். வண்டி தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் செவ்வாய்க்கிழமை விடியுமுன் தம்பானூர் பஸ் நிலையத்தில் முதல் பஸ் ஏறினேன். போய் என்ன சொல்வது என்று கல்லாறு வரை யோசித்தேன். கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பித்ததும் யோசனை நின்றுவிட்டது. நல்ல மூடுபனி.

பஸ் நின்ற இடத்திலிருந்து லயத்துக்கு அரை மணி நடை. ஒரு வரிசையில் எட்டு வீடு. ஏழு வீட்டுக்குக் கதவே இல்லை. நாலாம் வீட்டுச் சுவர் வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தது. கடைசி வீட்டில் புகை வந்தது. அதற்கும் பின்சுவர் பாதிதான் இருந்தது, மீதிக்கு நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தது. முன்னால் வெட்டவெளியில், எந்த மரமும் மறைக்காத இடத்தில், நாங்கள் வைத்த மழைமானி துடைத்துவைத்த மாதிரி நின்றது. சுற்றிலும் புல் செதுக்கப்பட்டிருந்தது. பயிற்சியில் அதையும் நான்தான் சொல்லியிருந்தேன்.

பாக்கியம் வாசலுக்கு வந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"சாரா? வாங்க, வாங்க. முடியெல்லாம் நரைச்சிட்டே. கார்டு கண்டுதான வந்திய?"

"நல்லா இருக்கியளா அக்கா?"

"இருக்கேன். உள்ள வாங்க, தலை நனையுது. போன ஞாயித்துக்கெழம போட்டது அதுக்குள்ள கிட்டிட்டா? கீழ வெடிப்பு பெருசாயிட்டுன்னு எழுதியிருந்தேனே, அதுக்குத்தான வந்திய?"

பெஞ்சைத் துடைத்துப் போட்டார். பால் சேர்க்காத கட்டன் சாயா போட்டுக் கொடுத்தார். சுவரில் பழைய காலண்டர் அட்டையில் பென்சிலைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். கீழே ஒரு பலகையில் நோட்டுப் புத்தகங்கள் அடுக்கியிருந்தன. கார்டில் எழுதி அனுப்புவதற்கு முன்னால் ஒரு பிரதி நோட்டில் எடுத்துவிடுவாராம். "தபாலில காணாமப் போனா சாருக்குக் கணக்கு விட்டுப் போவுமே" என்றார்.

நான் மேடையைப் பற்றி ஆரம்பித்தேன். பெரியவர்கள் வருகிறார்கள், உங்களுக்கு மரியாதை செய்யப் போகிறார்கள் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. அதைப் பார்த்தபிறகு எதுவும் சொல்லாமல் அழைத்துக்கொண்டு போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றியதையும் எழுதிவிடுகிறேன்.

"நான் எழுதினதெல்லாம் அங்க வாசிப்பியளா சார்?" என்றார். "சொவரு கீறினது, வெள்ளம் வந்த வழி மாறினது, எல்லாம் எழுதியிருக்கேன். பெரிய ஆளுங்க கேட்டா நல்லது."

டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அக்கா, அந்தத் திட்டம் முடிஞ்சு எட்டு வருசம் ஆயிட்டு. வந்து சொல்லியிருக்கணும். நான் சொல்லல."

"முடிஞ்சிட்டா? அப்ப கார்டு அங்க வந்து சேரல்லியா?"

"வந்தது."

"எல்லாமா?"

"எல்லாம் வந்தது. ஆபீஸ்ல நம்பர் போட்டு அடுக்கி வச்சிருக்காங்க. யாரும் வாசிக்கல. நானும் வாசிக்கல. போன ஞாயித்துக்கிழமதான் வாசிச்சேன்."

தார்ப்பாய் காற்றில் அடித்துக்கொண்டது. அவர் அடுப்பில் விறகை உள்ளே தள்ளினார். திரும்பவும் தள்ளினார். தள்ளுவதற்கு இடமில்லை.

"எறங்கணுமான்னு கேட்டிருந்தேனே சார்."

"ஆமா அக்கா."

"பதில் வரல்லன்னா எறங்கண்டாம்னு அர்த்தம்னு நெனச்சேன். சார் பாத்துக்கிட்டு இருக்காரு, ஆபத்துன்னா ஆள் வரும்னு மத்தவங்கட்டயும் சொன்னேன். அவங்க கேக்கல்ல. போயிட்டாங்க. அவங்களுக்கு அறிவு உண்டு."

மன்னித்துவிடுங்கள் என்றேன். என் காதுக்கே அது படிவத்தில் எழுதுகிற வார்த்தையாகத்தான் கேட்டது.

அவர் மகள் அம்பாசமுத்திரத்தில் இருக்கிறாள் என்று கார்டுகளில் வாசித்திருந்தேன். அவளைப் பற்றி அவராகத்தான் பேசினார், என்னைப் பார்த்துப் பேசவில்லை. "ரெண்டு பிரசவத்துக்கும் நான் போவல்ல. இந்த மலையில அவளை எப்பிடிக் கொண்டாந்து வைக்க? நான்தான் எறங்கிப் போயி இருந்திருக்கணும். ஒரு மாசம் வேற ஆள அளக்கச் சொல்லிட்டு வாம்மான்னு, நான் கீழ எறங்கிப் போன் பண்ணினப்ப அழுதா. ஆள் மாறினா கணக்கு கெட்டுப் போவும்டீன்னேன். சார் சொல்லியிருக்காருன்னேன். மாமியாக்காரிதான் எல்லாம் பாத்தா. அந்தப் பேச்சு இன்னும் தீரல்ல. அவ இப்ப எங்கிட்ட சரியாப் பேசறதுமில்ல."

அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "ஒரு கார்டு போட்டிருந்தா போதுமே சார்" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

எட்டரை ஆனது. சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தவர் அவர்தான். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே போனார். பழக்கத்தில் அளக்கப் போகிறார் என்று நினைத்தேன். புனலைக் கழற்றினார். குப்பியை எடுத்தார். முந்தைய நாள் மழை அதில் முக்கால்வாசிக்கு இருந்தது. அதைக் குவளையில் ஊற்றாமல், மட்டம் பார்க்காமல், அப்படியே புல்லில் கவிழ்த்தார். குப்பியை உதறி, முந்தானையால் உள்ளும் புறமும் துடைத்தார். தரையில் பதித்திருந்த தாங்கியைப் பிடுங்கி, மண்ணைத் தட்டி, எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டுக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தார்.

"யூனிவர்சிட்டி பொருளு. கொண்டு போயிருங்க."

"இருக்கட்டும் அக்கா. நீங்க மககிட்ட போறப்ப நானே வந்து..."

"இல்ல சார். இது எங்கையில இருந்தா நான் எறங்கமாட்டேன்."

மேடைக்கு வர முடியாது என்பதை நான் கேட்காமலே சொன்னார். அங்கே வந்து என்ன சொல்வேன் என்றார். சாக்கை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அப்போது, "நில்லுங்க" என்றார்.

பலகையிலிருந்து மேல் நோட்டை எடுத்து, முதலிலிருந்து புரட்டிக் கடைசிப் பக்கத்தைப் பிரித்தார். முதல் பக்கத்தில், பதினோரு வருடத்துக்கு முன் மழைமானி வாங்கிக்கொண்டதற்கு அவரிடம் கையெழுத்து வாங்கிய தாளின் நகல் ஒட்டியிருந்தது. ஒவ்வொரு புது நோட்டிலும் அதைப் பெயர்த்து ஒட்டிவந்திருக்கிறார். பொருள் கொடுத்தபோது நாங்கள் எழுதி வாங்கினோம், திருப்பிக் கொடுக்கும்போது அவர் எழுதி வாங்க வேண்டும். எங்களிடம் கற்றுக்கொண்ட முறைதான்.

"தமிழ்லேயே எழுதுங்க" என்று பென்சிலைக் கயிற்றிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தார்.

எழுதினேன். மழைமானி ஒன்று, குப்பி ஒன்று, அளவுக் குவளை ஒன்று, நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன். கீழே கையெழுத்து, தேதி. சுருக்கொப்பம் போடக் கை போனது. அதை நிறுத்திவிட்டு முழுப் பெயரை எழுதினேன்.

நோட்டை வாங்கிக்கொண்டு வெளிச்சத்துக்காக வாசல் பக்கம் போனார். நான் எழுதியது இரண்டே வரி. ஒவ்வொரு வார்த்தைக்கும் விரல் வைத்து முதலிலிருந்து கடைசி வரை வாசித்தார். மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார். நான் சாக்கைத் தோளில் வைத்துக்கொண்டு, அவர் வாசித்து முடிக்கும் வரை நின்றேன்.